நாய் கையைத்தான் படிக்கிறது

‘உட்கார்’ என்றதும் நாய் உட்கார்கிறது. உரிமையாளர் இடுப்புப் பையைத் திறந்து, துழாவி, ஒரு தின்பண்டத் துண்டை (ட்ரீட்) எடுத்து நீட்டுவதற்குள் எழுந்துவிடுகிறது. ஆக, கூலி கிடைத்தது எழுந்ததற்கு. இப்படியே நாலு நாள் போனால், உட்கார்ந்த வேகத்தில் எழுவதை நாய் கச்சிதமாகக் கற்றுக்கொள்ளும். கூடவே ‘சொல்பேச்சு கேட்காத நாய்’ என்ற பெயரும் வாங்கும்.

செயலுக்கும் ட்ரீட்டுக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. கையால் அந்த வேகம் முடியாது என்பதால்தான் கிளிக்கர்: நாய் சரியாகச் செய்த நொடியிலேயே அழுத்தி ‘கிளிக்’ என்று ஒலியெழுப்பும் சின்னக் கருவி. முதலில் அந்த ஒலிக்கு மதிப்பு ஏற்ற வேண்டும்: கிளிக், உடனே ஒரு துண்டு. கட்டளை எதுவும் இல்லாமல் 15, 20 தடவை. ஒலி கேட்டதும் நாய் சட்டென்று திரும்பித் துண்டைத் தேடினால் ஏறிவிட்டது. தவறிப்போய் அழுத்தினாலும் துண்டு கொடுத்தே ஆக வேண்டும். முக்கியமாக, கிளிக்குக்குப் பிறகுதான் கை பைக்குள் போகலாம். முந்திக்கொண்டால் நாய் ஒலியை விட்டுவிட்டுக் கையைக் கவனிக்கும்.

துண்டு பட்டாணி அளவு, மெல்லாமல் விழுங்கும் பதம். அதற்கு ஈடாக அன்றைய தீனியைக் குறைத்துவிட வேண்டும். பயிற்சி ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும்.

உட்காரவைக்க, துண்டை மூக்கருகே பிடித்துத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்தினால் இடுப்பு தானே இறங்கும். கை உயர்ந்துவிட்டால் நாய் குதிக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு அதே சைகையை வெறுங்கையால் செய்து, துண்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பின்னால் ‘ட்ரீட்டைக் காட்டினால்தான் கேட்கிறது’ என்று வருகிறார்கள். முன்னால் காட்டினால் அது லஞ்சம், வேலை முடிந்து வந்தால் கூலி. நாய்க்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

10 தடவையில் 8 சரியாக வந்தால் அடுத்த படி. நேரம், தூரம், சுற்றுப்புறச் சலசலப்பு மூன்றில் ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் தளர்த்த வேண்டும். ஆசையாக வாங்கும் நாய் திடீரென்று துண்டைத் தொடவில்லை என்றால் அடம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பயம் அல்லது பதற்றம். மிரட்டுகிற பொருளிலிருந்து தள்ளிப் போக வேண்டும்.

‘வா’ என்று கூப்பிட்டுத் திட்டுவதும், பிடித்துக் கட்டிப்போடுவதும் அந்தச் சொல்லைக் கெடுத்துவிடும். கெட்டதைச் சரிசெய்வதைவிடப் புதுச் சொல் ஒன்றைத் தொடங்குவது சுலபம். அதையும் ஆரம்பத்தில், நாய் நிச்சயம் வரும் என்று பந்தயம் கட்டக்கூடிய நேரத்தில் மட்டும் சொல்ல வேண்டும்.