சென்சார் பாவம், அது உண்மையத்தான் சொல்லுது

மார்ச் 3
ஈஎஸ்பி (வண்டி சறுக்காம பாத்துக்கற சிஸ்டம்) லைட் அணையவே மாட்டேங்குதுன்னு ஒரு கார் வந்துச்சு. ஸ்கேனர் போட்டா சி0051னு ஒரு ஃபால்ட் கோடு, அதாவது ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்ற ஸ்டியரிங் பொசிஷன் சென்சார். ஓனர் புது சென்சாரே விசாரிச்சு வச்சுட்டார். இந்த கோடு வந்தாலே எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க, ஆனா கோடு சொல்றது இந்த சிக்னல் ஒத்து வரலன்னு மட்டும்தான், எதனாலன்னு நாமதான் தேடணும். பேட்டரி 12.6 வோல்ட், அதுல குறை இல்ல (வோல்டேஜ் படுத்தாலும் இந்த லைட்டெல்லாம் எரியும்).

மார்ச் 4
ஸ்கேனர்ல சென்சாரோட லைவ் டேட்டாவ பாத்துக்கிட்டே ஸ்டியரிங்க ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும் மெதுவா திருப்பினேன். நம்பர் சீரா ஏறி 500 டிகிரி பக்கம் போச்சு, அதே மாதிரி சீரா இறங்குச்சு. சென்சார் போயிருந்தா 40லேர்ந்து டக்குனு 90க்கு தாவும், இல்ல ஒரே இடத்துல உறைஞ்சு நிக்கும். வயர் விட்டிருந்தா யூ0126 மாதிரி தொடர்பே இல்லன்னு வேற கோடு வரும். ரெண்டும் இல்ல.

அப்புறம் நேர் ரோட்ல ஓட்டிப் பாத்தேன், விஷயம் அங்கதான் மாட்டுச்சு. கார் நேரா போகுது, ஸ்டியரிங் மட்டும் லேசா இடது பக்கம் சாஞ்சிருக்கு, சென்சார் 9 டிகிரி இடதுன்னு காட்டுது, யா ரேட் (வண்டியே எவ்வளவு வேகமா திரும்புதுன்னு இன்னொரு சென்சார் சொல்றது) கிட்டத்தட்ட 0. ஒருத்தன் வண்டி திரும்புதுங்கறான், இன்னொருத்தன் திரும்பலங்கறான், ஈஎஸ்பி யாரத்தான் நம்பும், லைட்டப் போட்டுட்டு ஒதுங்கிக்கிச்சு.

ஓனர்கிட்ட கேட்டா, டை ராட் எண்ட் மாத்தினாங்க சார், அலைன்மென்ட் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்கறார். ஸ்டியரிங்க முன் வீலோட இணைக்கற கம்பியோட முனைதான் அது, அத மாத்தினா வீல் கோணத்த சரி பண்ணணும், அதான் அலைன்மென்ட்.

மார்ச் 6
ஸ்டியரிங்க நடுவுல நிறுத்தி லாக் போட்டு டோ (முன் வீல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயற கோணம்) சரி பண்ணியாச்சு. அதுக்கப்புறம்தான் ஸ்கேனர்ல ஜீரோ கேலிப்ரேஷன், அதாவது இதுதான் நேர்னு சென்சாருக்குச் சொல்லிக் கொடுக்கறது. இந்த வரிசை மாறவே கூடாது, வீல் கோணையா இருக்கறப்ப ஸ்டியரிங்க மட்டும் கண்ணால நேரா வச்சு ஜீரோ கொடுத்தா தப்பான இடத்தத்தான் அது நேர்னு மனப்பாடம் பண்ணிக்கும். சில வண்டில ஸ்கேனரே வேணாம், ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிட்டு கொஞ்ச தூரம் நேரா ஓட்டினா தானா கத்துக்கும், இது அந்த ரகம் இல்ல.

நல்லவேளை ஸ்டியரிங்க கழட்டவே வேண்டி வரல. கழட்டினா ஏர்பேக், க்ளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் சுத்தினாலும் ஏர்பேக் வயர் அறுந்து போகாம வைக்கற சுருள்)னு தனி தலைவலி, பேட்டரிய எடுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டுத்தான் கையே வைக்கணும்.

மார்ச் 7
அதே ரோடு. நேரா போறப்ப 0.7 டிகிரி, லைட் வரல. புது சென்சார் வேணாம்னு ஓனருக்கு சொல்லியாச்சு.