யோபுவின் நண்பர்கள்

துக்க வீட்டில் யாராவது "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்று ஆரம்பித்தாலே எனக்கு யோபுவின் நண்பர்கள் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். மூவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வந்ததும் ஏழு நாள், இரவும் பகலுமாக, ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்? வாயைத் திறந்த பிறகுதான் சிக்கல். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது என்று விதவிதமாகச் சொல்கிறார்கள்.

'யோபுவின் பொறுமை' என்றே பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தோம். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபமும் அதைத்தான் சொல்கிறது. சரி. ஆனால் யோபு புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்திலேயே அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அப்புறம் கடவுளோடேயே வழக்காடுகிறான். அவர் அவனிடம் வாய் திறப்பது 38ஆம் அதிகாரத்தில்தான். அப்போதும் 'ஏன் எனக்கு?' என்பதற்குப் பதில் இல்லை. வரையாடு எப்போது ஈனும், தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறார்! முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் கடைசி அதிகாரத்தில் அவருடைய கோபம் யார்மேல் மூளுகிறது பாருங்கள். வழக்காடியவன்மேல் இல்லை, அவருக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல். அந்த மூவருக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியிருந்தது.

அம்மா இறந்த வருஷம் நான் ஜெபத்தில் கேட்டதையெல்லாம் எந்த ஜெபக்கூட்டத்திலும் சத்தமாகச் சொல்ல முடியாது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவரிடமே.