"நல்லாத்தான் இருக்கான் டாக்டர்"

மனநோய்க்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. என் தம்பிக்கு மனச்சிதைவு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அவனுக்கு அட்டை வாங்க அலைந்ததைவிட, மனநலப் பிரிவில் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் லேசு. இ-சேவை மையத்திலேயே யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைத் தளத்தில் பதிந்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

கை கால் என்றால் அளந்து பார்த்துவிடலாம். மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனுஷரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கஷ்டம் கூடக் கூட எண்ணும் கூடும். நோய் வந்து எத்தனை வருஷம் என்பதற்குத் தனியாக 1 முதல் 4. பத்து வருஷம் தாண்டியிருந்தால் 4. பழைய சீட்டு இதற்குத்தான். மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது.

"குளிக்கிறாராம்மா?"

"குளிக்கிறான் டாக்டர்."

"சாப்பாடு?"

"நல்லா சாப்பிடுவான்."

"வேலைக்கு?"

"அவன் மாமா அச்சகத்துக்குப் போறான். இப்ப நல்லாத்தான் இருக்கான் டாக்டர்."

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வெளியாள் முன்னால் பெற்ற பிள்ளையைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வராது, அவ்வளவுதான். இதை அப்படியே எழுதியிருந்தால் நாலிலும் சேர்த்து 2 தேறியிருக்கும். வருஷக் கணக்கு 4-ஐச் சேர்த்தாலும் 6.

நான் குறுக்கிட்டேன். வெந்நீர் வைத்து, துண்டைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றால்தான் குளியல். தட்டில் போட்டுக் கூப்பிட்டால்தான் சாப்பாடு. அச்சகத்தில் சில நாள் தாள் மடிப்பான். மெஷின் பக்கம் விடமாட்டார்கள். மாமா தருவது சம்பளம் இல்லை, செலவுக்குக் காசு.

டாக்டர் அம்மா பக்கம் திரும்பி, "ஒரு வாரம் நீங்க ஊர்ல இல்லைன்னா?" என்றார். அதற்கு அப்புறம்தான் அம்மா, பெரியம்மா இறந்தபோது ஊருக்குப் போய் வந்ததைச் சொன்னாள். அவள் கிளம்பும்போது அவன் போட்டிருந்த அதே சட்டைதான் திரும்பி வந்தபோதும். சமைத்து வைத்த குழம்பு அப்படியே புளித்துக் கிடந்தது. பிஸ்கட் பாக்கெட் மட்டும் காலி.

யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்களை மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடும். எழவேண்டும், பேசவேண்டும், குளிக்கவேண்டும் என்ற உந்துதல் மங்குவதும் அதே நோயின் வேலைதான், ஆனால் அங்கே மாத்திரை அவ்வளவாக எடுபடாது என்று டாக்டர் விளக்கினார். போதாததற்கு மாத்திரையின் தூக்கம் வேறு. சொந்தக்காரர்கள் இத்தனை வருஷமாக அவனைச் சோம்பேறி என்றார்கள். அளவுகோல் காரணம் கேட்பதில்லை. யாரும் சொல்லாமல் தானாகச் செய்கிறானா என்றுதான் பார்க்கிறது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டு ஆள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் குறை வெளியே தெரியாது, அதுதான் இதில் உள்ள சிக்கல்.

மதிப்பெண் 12 வந்தது. மஞ்சள் அட்டை, 40 முதல் 79 சதவீதத்துக்கானது. தம்பி என்னைச் சார்ந்திருப்பதால் பழைய வருமானவரி முறையில் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு கேட்கலாம். அரசு வேலை இடஒதுக்கீட்டிலும் மனநோய்க்குப் பங்கு உண்டு. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளரை நியமிக்கும் ஏற்பாட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கே அது. எங்களுடையது தற்காலிகச் சான்று, புதுப்பிக்க வேண்டும். அடுத்த தடவை அம்மா வாய் திறப்பதற்கு முந்தி நான் பேசுவதாக ஏற்பாடு.