நம்ம டியூக் எடுத்துக் கொடுப்பான்

நூல்கண்டு கீழே உருளட்டும், டியூக் குனிந்து எடுத்துக் கொடுக்கட்டும் என்று சொன்னது நான்தான். அந்த யோசனையில் எனக்கு இப்போதும் பெரிய வருத்தமில்லை. அதற்கு அந்தக் கதையை எழுதிய பெண் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும்தான் அவ்வப்போது வந்து தொந்தரவு செய்கின்றன.

ஆடியோ தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் எடிட் செய்கிறவர்களுக்கு இந்த வகைக் கதையை விளக்க வேண்டியதில்லை. கட்டாயக் கல்யாணம், வெறுப்பு, ஒரே கூரை, அப்புறம் காதல். இந்த முறை மேலிடத்தில் கேட்டது அதையேதான், ஆனால் வெளிநாடு, அரண்மனை, குதிரை வண்டியோடு. புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்தேன். ஏதோ ஒரு பிரபு, ஏதோ ஒரு சீமாட்டி என்று கற்பனையாக எழுதிக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், நிஜமாக நடந்த கல்யாணம் ஒன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கான்சுவேலோ வாண்டர்பில்ட்டும் ஒன்பதாவது மார்ல்பரோ டியூக் என்ற இங்கிலாந்துப் பிரபுவும். 1895 நவம்பர் 6, நியூயார்க், ஐந்தாம் அவென்யூவில் செயின்ட் தாமஸ் தேவாலயம்.

பெண்ணுக்கு 18 வயது, அமெரிக்க ரயில்வே பணத்தில் பிறந்தவள். மாப்பிள்ளைக்கு 23. ஆக்ஸ்போர்ட் பக்கத்தில் பிளெனம் என்று ஊரளவு அரண்மனை, அதைப் பராமரிக்கக் கையில் காசில்லை. முந்தைய தலைமுறைகளே நகைக்கற்களை விற்றாயிற்று, நூலகத்தை ஏலம் விட்டாயிற்று, 1885ல் ரஃபேல் வரைந்த மடோனா படத்தை 70,000 பவுண்டுக்கு லண்டன் நேஷனல் கேலரிக்குக் கொடுத்தாயிற்று. நிலத்திலிருந்து வந்த குத்தகைப் பணமும் சுருங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை வந்து குவிந்ததில் இங்கிலாந்துப் பண்ணைகள் படுத்துவிட்டன. இந்த இடத்தில் அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ‘அமெரிக்க ரயில்தான் இவங்க கோதுமை விலையை இறக்குச்சு, அமெரிக்க ரயில் காசுதான் இவங்க கூரையை மேயப் போகுது, இதை எங்கயாவது வைக்கலாமா அக்கா?’ வைக்கவில்லை. ஆனால் இந்தப் பெண் சும்மா எழுத வந்தவள் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

முதல் பத்து எபிசோடுகளுக்கு எந்தப் பிரச்சினையும் வரவில்லை. சொல்லப்போனால் நிஜத்தைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. கான்சுவேலோ வேறொருவரை விரும்பி ரகசியமாக நிச்சயமும் செய்துகொண்டிருந்தாள். அம்மா ஆல்வா கடிதங்களைத் தடுத்து, பெண்ணை வீட்டோடு அடைத்து, அவனைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டி, அதுவும் பலிக்காதபோது, உன்னால்தான் எனக்கு நெஞ்சுவலி என்று செய்தி அனுப்பினார். இந்த எபிசோட் வெளியானதும் ‘நெஞ்சுவலி டிராமாவை விடவே மாட்டீங்களா, டியூக் வீட்டுக் கதையிலயும் அதுதானா’ என்று கேலி செய்தார்கள். என்ன செய்வது, அந்த ஒன்றை மட்டும் நாங்கள் கற்பனை செய்யவில்லை. கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் அறை வாசலில் ஒரு வேலையாளை நிற்க வைத்திருந்தார்கள், யாரும் உள்ளே போகாதபடிக்கு. உள்ளே கான்சுவேலோ அழுதுகொண்டிருந்தாள். தேவாலயத்துக்கு 20 நிமிடம் தாமதம். முகத்திரை இருந்ததால் வீங்கிய கண் வெளியே தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. நிஜக் கதையில் அப்புறம் காதல் வரவே இல்லை. உன்னைக் கட்டிக்கொள்வதற்காக நான் விரும்பிய பெண்ணைத் துறந்தேன் என்று டியூக்கே அவளிடம் சொல்லியிருக்கிறார். பிளெனத்தில் இரவுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கான்சுவேலோ எழுபது வயதைத் தாண்டி எழுதிய தன்வரலாற்றில் இருக்கிறது. டியூக் தட்டில் உணவை நிறைய வாங்கிக்கொள்வார். பிறகு தட்டைத் தள்ளி வைத்து, கரண்டிகளைத் தள்ளி வைத்து, நாற்காலியையும் பின்னால் தள்ளி, விரல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே ஏதோ யோசனையில் இருப்பார். கால் மணி நேரம் போனபின் திடீரென்று நினைவு வந்து, ஆறிப்போனதை மெதுவாகச் சாப்பிடத் தொடங்குவார். பேச்சு கிடையாது. பொறுக்க முடியாமல் கான்சுவேலோ சாப்பாட்டு மேசையிலேயே பின்னல் வேலையை எடுத்து வைத்துக்கொண்டாள். தலைமைப் பணியாள் வெளியே கூடத்தில் உட்கார்ந்து துப்பறியும் கதை படித்துக்கொண்டிருப்பான்.

இதை எங்கள் எழுத்தாளப் பெண் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். வசனமே இல்லை. சுவர்க் கடிகாரம், ஊசிகள் உரசும் ஓசை, அவ்வளவுதான். படிக்க அருமையாக இருந்தது. காதில் போட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் கழன்று போகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் வேலை இது, அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்கிறவள் நான். அதனால்தான் நூல்கண்டு.

“அக்கா, அவன் எடுத்துக் கொடுக்கலையே” என்றாள்.

“நம்ம டியூக் எடுத்துக் கொடுப்பான்.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: “அப்போ நம்ம டியூக்குக்குப் பணம் எதுக்கு?”

“பேரை மாத்தியாச்சுல்ல, அப்புறம் என்ன?” என்றேன்.

“சரிக்கா” என்று எழுதப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. நிஜ மனிதர்களைத் திரிக்கலாமா என்று அவள் கேட்டிருந்தால் என் பதில் பொருத்தமாக இருந்திருக்கும். அதை அவள் கேட்கவே இல்லை. கதைக்குள் நின்று கேட்டாள். மனைவியின் நூல்கண்டுக்குக் குனிகிற அளவுக்கு நல்லவன் என்றால், அழுதுகொண்டு வந்த பெண்ணை ஏன் கட்டினான்? பணத்துக்காகத்தான் என்றால் அந்தப் பணம் எங்கே? ஒரு ஸ்கிரிப்ட் எடிட்டர் இளைய எழுத்தாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. இங்கே திசை மாறி வந்தது.

பணம் எங்கே என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. அதற்கு முந்தைய சுற்றில் நான் ஒரு காட்சியை வெட்டியிருந்தேன். கல்யாண நாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம். பீச் கிரீக் ரயில்வே நிறுவனத்தின் 50,000 பங்குகள், மதிப்பு 25 லட்சம் டாலர். ஆண்டுக்கு 4 சதவீதம் கட்டாயம் வரும் என்று நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே உத்தரவாதம். அதாவது வருடம் ஒரு லட்சம் டாலர். இந்த வருமானம் டியூக் உயிரோடு இருக்கும்வரை டியூக்குக்கு, அவர் இறந்தால் கான்சுவேலோவுக்கு. எங்கள் எழுத்தாளப் பெண் இதை ஒரு வக்கீல் குமாஸ்தா உரக்க வாசிப்பதாக எழுதியிருந்தாள். பக்கத்து அறையில் கேக்குக்குச் சண்டை போடும் குழந்தைகள். நல்ல காட்சிதான். ஆனால் காதால் கேட்கிறவருக்குப் பங்கு, சதவீதம், உத்தரவாதம் என்றால் வங்கியிலிருந்து போன் வந்த மாதிரி இருக்கும். வெட்டினேன். இன்றைக்குக் கொடுத்தாலும் வெட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதை வெட்டியதும் டியூக்குக்குக் கல்யாணம் செய்ய ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. பணத்துக்காகக் கல்யாணம் என்று விளம்பரத்தில் போட்டோம், கதைக்குள் ஒரு பைசா கைமாறவில்லை. அவள் கேட்டது இந்த ஓட்டையைத்தான். ‘நல்ல மனுஷனுக்கும் கூரை ஒழுகும்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதை வைத்து வேறு மாதிரி ஒரு டியூக்கைச் செய்திருப்பாள். மனைவி மேல் மெல்லப் பிரியம் வளரும்போதே, வருடா வருடம் அந்தத் தொகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் டியூக். அப்படி ஒருவனின் கதையை யாராவது காதுகொடுத்துக் கேட்டிருப்பார்களா? தெரியவில்லை. நான் கேட்டிருப்பேன்.

சரி, இருக்கட்டும். எங்கள் கதை ஓடியது. ரெக்கார்டிங்கின்போது ஒலிப்பதிவாளர், “மேடம், நூல்கண்டு உருண்டா என்ன சத்தம் வரும்?” என்று கேட்டார். சத்தமே வராது. ஆளாளுக்கு யோசித்து, கடைசியில் ஊசியும் சேர்ந்து விழட்டும் என்று முடிவானது. உண்மையிலேயே ஒரு பின்னல் ஊசியை மரப்பலகையில் போட்டு எடுத்தோம். டிங் என்று ஒரு சின்னச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், கதாநாயகிக்குக் குரல் கொடுத்த பெண் எழுத்தில் இல்லாமலே மூச்சை ஒரு கணம் பிடித்து விட்டாள். பதிவறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தொடரிலேயே கோடு கீழே இறங்காத எபிசோட் அதுதான்.

வந்த கருத்துகளில் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ‘எங்க வீட்டிலும் இப்படித்தான் பேச மாட்டார். இந்த டியூக் மாதிரி ஒருநாள் மாறுவார்னு நம்பிக்கை வந்திருக்கு.’ அன்றைக்கு மீட்டிங்கில் இதைத்தான் வெற்றிக்கு உதாரணமாகப் படித்தார்கள். நானும் தலையாட்டினேன். அவள் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கருத்தை எழுதியவருடைய நிலைமை எனக்குத் தெரியாது. பேசாத கணவர் எல்லோரும் பணத்துக்குக் கட்டியவர்களும் இல்லை. ஒரு கதையைக் கேட்டு ஒருத்தர் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுவார் என்று நினைப்பது எழுத்து வேலையில் இருக்கிறவர்களுக்கு வரும் வீண் பெருமை. இப்படியெல்லாம் சொல்லித்தான் தூங்கப் போகிறேன்.

இன்னொரு வாதமும் கைவசம் உண்டு. அவள் நிஜம் நிஜம் என்று பிடித்துக்கொண்டிருந்ததே கான்சுவேலோவின் சொல் மட்டும்தானே? 1906ல் பிரிந்து, 1921ல் விவாகரத்தாகி, இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்துகொண்டபின், 1926ல் கத்தோலிக்கச் சபையின் நீதிமன்றம் அந்த முதல் திருமணமே செல்லாது என்று அறிவித்தது. அதற்கு, கட்டாயப்படுத்தப்பட்டுத்தான் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அம்மா ஆல்வாவே வந்து, ஆமாம், நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று சாட்சி சொன்னார். எனவே அந்தக் கல்யாணத்தில் அன்பே இல்லை என்பதும் ஒரு வழக்குக்காகத் தீட்டப்பட்ட வடிவமாக இருக்கலாம். டியூக் தன் பக்கக் கதையை அப்படி ஒரு புத்தகமாக எழுதி வைக்கவில்லை. பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், இரண்டு பையன்கள். ஒரே ஒரு இரவாவது அந்த மனிதர் நூல்கண்டுக்குக் குனிந்திருக்க மாட்டாரா?

இப்படி வாதாடும்போது எனக்கே பிடித்துப்போகிறது. பிறகு அந்தத் தாய் குறுக்கே வருகிறார். ஆல்வாவை நாங்கள் முழு வில்லியாக்கி, மகள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து மனம் திருந்துவதாக முடித்தோம். அதாவது அவர் செய்தது கடைசியில் நல்லதற்குத்தான் என்று ஆகிவிட்டது. நிஜ ஆல்வா என்னவென்றால், மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த அதே வருடம் தான் விவாகரத்து வாங்கியவர், பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்குப் பணத்தையும் உழைப்பையும் கொட்டியவர். எழுபதைத் தாண்டிய வயதில், நான் உத்தரவுதான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். மகளும் அவரும் அதற்கெல்லாம் வெகு முன்பே சமாதானம் ஆகியிருந்தார்கள். இவ்வளவு சிக்கலான ஒரு மனுஷி கையில் கிடைத்தும் நெஞ்சுவலியை மட்டும் எடுத்துக்கொண்டோம். இதைப் பற்றி எங்கள் எழுத்தாளப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேட்காததற்கு ஒரு காரணம், நூல்கண்டுக்குப் பிறகு அவள் எதையும் கேட்பதையே விட்டுவிட்டாள். சொன்னதை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். குனிந்த டியூக்கின் கழுத்துப்பட்டையில் ஒரு பித்தான் அறுந்திருப்பதை மனைவி கவனிக்கிற மாதிரி ஒரு வரி சேர்த்திருந்தாள். அது அவளுடையது, எனக்குத் தோன்றியிருக்காது. கூரைக்குப் பணம் வந்தும் பித்தான் தைக்க ஆளில்லை என்று அவள் உள்ளுக்குள் நக்கலாகத்தான் வைத்தாளோ என்று இப்போது சந்தேகம். கேட்டவர்கள் உருகிப் போனார்கள். அடுத்த வருடம் அதிகச் சம்பளத்துக்கு வேறு இடம் போனாள். சம்பளம்தான் காரணம் என்று அவளே சொன்னாள், நம்பாமல் இருக்க எனக்கு முகாந்திரம் இல்லை.

டியூக் 1934ல்தான் இறந்தார். அதாவது காதலுக்கும் கல்யாணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் வேறு வேறு ஆயுள். முதலாவது பிறக்கவே இல்லை, இரண்டாவது முறிந்து செல்லாமலும் போனது, மூன்றாவது மட்டும் எழுதிய வார்த்தைப்படி டியூக் இருக்கும்வரைக்கும். இந்த வரிசையை அந்தக் குமாஸ்தா காட்சி இரண்டே பக்கத்தில் சொல்லிவிட்டிருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

போன மாதம் இரண்டாவது சீசன் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு டியூக், இன்னொரு அமெரிக்கப் பணக்காரப் பெண். இப்போது எழுதுகிற பையனிடம் பழைய கோப்புகளைக் கொடுத்தபோது, வெட்டிய காட்சியையும் சேர்த்தே கொடுத்தேன். மறுநாள் வந்து, “இந்த ஷேர், பர்சன்டேஜ் எல்லாம் எதுக்கு மேடம், சேர்க்கணுமா?” என்றான்.

“படிச்சு வச்சுக்கோ. எபிசோட்ல வேண்டாம்” என்றேன்.