பொனேரில் கடைசி நாளும் தண்ணீரில்தான்

ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு விடுமுறையின் கடைசி நாளில் கடல் கிடையாது. பல நாள் தொடர்ந்து முங்கியவர்கள் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேரம் முன்பே கரையேறிவிட வேண்டும் என்று டைவிங் சொல்லித்தருபவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து கிடக்கும். விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகக் கிளம்பினால், மூட்டு வலியில் ஆரம்பித்துப் பக்கவாதம் வரைக்கும் போகலாம். இரவு விமானம் பிடிக்கிறவர்களுக்குக்கூட அன்றைய பகல் முழுக்கக் கரையில்தான்.

எங்களைப் போல மாஸ்க்கும் குழாயுமாக மேலே மிதக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நாங்கள் இழுப்பது எல்லாரும் இழுக்கும் சாதாரணக் காற்று. ஈரத் தலையோடு நேராக விமான நிலையத்துக்குப் போகலாம். தங்கியிருந்த இடத்தில் பாதிப் பேர் டைவர்கள். ஸ்நார்கெலிங் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அன்றைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்கள் எல்லாரும் காலையிலேயே கருவிகளைக் கழுவிக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் அவர்கள் முன்னாலேயே காலில் மாட்டும் ஃபின்களைத் தூக்கிப் பிக்கப் வண்டியின் பின்னால் போட்டோம். அல்ப சந்தோஷம்தான். ஆனாலும் சந்தோஷம்.

பொனேர், வெனிசுவேலாவின் வட கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னத் தீவு. 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் ஐந்தோவனில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் உண்டு. டச்சு மண்தான் என்றாலும் அங்கே யூரோ இல்லை, அமெரிக்க டாலர். கரீபியன் என்றதும் தென்னந்தோப்பும் நீண்ட மணல் கடற்கரையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வறண்ட மண், ஆளுயரத்தைத் தாண்டிய கள்ளி, ஆடு, சாலையை மறித்து நிற்கும் கழுதை. கிழக்கிலிருந்து காற்று ஓயாமல் அடிப்பதில் திவி-திவி மரங்கள் மேற்கே சாய்ந்தேதான் வளர்கின்றன. அதே காற்றால்தான் கிழக்குக் கரையில் கால் வைக்க முடியாத அலை, மேற்குக் கரையில் அமைதி. அந்த மேற்குக் கரை நெடுகிலும் பவளப்பாறை கரையிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது. படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். சாலையோரம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி இறங்கிவிடலாம்.

எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பதில்தான் சண்டை வந்தது. இவருக்கு இன்னும் பார்க்காத இடம் ஒன்று பாக்கி இருந்தது: தெற்கே உப்புக் கப்பல்கள் வந்து நிற்கும் சால்ட் பியர். எனக்கோ ஏற்கெனவே போன தௌசண்ட் ஸ்டெப்ஸுக்கே திரும்பப் போக ஆசை.

"பார்த்த இடத்தையே பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார்.

"முதல் தடவை மாஸ்க்ல தண்ணி வருதா, குழாய்ல உப்புத் தண்ணி ஏறுதான்னு பார்க்கவே சரியா இருந்துச்சுங்க. மீனை எங்க பார்த்தேன்?"

ஸ்நார்கெலிங்கில் இது உண்மை. புது இடத்தில் பாதிக் கவனம் எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதிலேயே போய்விடும். தெரிந்த இடத்தில்தான் சும்மா மிதக்க முடியும். கடைசி நாளைப் புது இடத்தில் செலவு செய்வது எனக்கு வீண் என்றுதான் படுகிறது. கடைசியில் காலை எனக்கு, மதியம் அவருக்கு என்று முடிவானது.

பெயரைக் கேட்டு ஆயிரம் படி என்று பயப்பட வேண்டாம். சுண்ணாம்புப் பாறையில் இறங்கும் படிகளை எண்ணினால் எழுபதை ஒட்டித்தான் வரும். காற்று உருளையை முதுகில் சுமந்துகொண்டு வெயிலில் ஏறுகிற டைவர்களுக்கு அது ஆயிரமாகத் தெரிகிறது என்பதுதான் பெயரின் கதை. வண்டியைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். பூட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்களாம். செருப்பும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் பின்பக்கம் கிடந்தன.

கீழே மணல் இல்லை, உருண்டு கிடக்கும் செத்த பவளத் துண்டுகள்தான். தடுமாறி இடுப்பளவு தண்ணீருக்குப் போய் ஃபின்னை மாட்டி முகத்தைக் கவிழ்த்தால் சத்தம் எல்லாம் மாறிவிடுகிறது. முதலில் கேட்பது ஒரு கொறிப்பு. கிளிமீன்கள் அலகால் பாறையைச் சுரண்டுகிற சத்தம். பாசிக்காகத்தான் சுரண்டுகின்றன. அதோடு வாய்க்குள் போகும் பவளத்தை அரைத்து, பின்னால் வெள்ளை மணலாக விட்டுவிடும். கொஞ்ச நேரம் ஒரு கிளிமீனைப் பின்தொடர்ந்தால் போதும், அந்த வெள்ளைப் புகை தெரியும். கரீபியன் மணலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

அந்தக் கிளிமீன் பயப்படாமல் கைக்கெட்டும் தூரத்தில் மேய்வதற்குக் காரணம் சட்டம். ஆமைகளுக்கு 1961-இல் பாதுகாப்பு வந்தது, ஈட்டி வைத்து மீன் குத்துவதை 1971-இல் தடை செய்தார்கள், 1975-இல் பவளம் எடுப்பதைத் தடுத்தார்கள். 1979-இல் தீவைச் சுற்றி, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை முழுவதையும் கடல் பூங்காவாக்கினார்கள். கிளிமீன் பிடிப்பதற்கே 2010-இல் தடை போட்டார்கள். பாசியை மேய ஆள் இல்லாவிட்டால் பவளத்தைப் பாசி மூடிவிடும் என்பதால். பூங்காவில் இறங்க ஒவ்வொருவரும் கட்டணம் கட்ட வேண்டும். கையுறை போடக்கூடாது, ஏனென்றால் கையுறை இருந்தால் ஆட்கள் எதையாவது பிடிப்பார்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களுக்கு 2021 முதல் தடை. நாங்கள் நீளக்கைச் சட்டையும் முழுக்கால் உடையுமாக இருந்ததில் அந்தத் தலைவலியே இல்லை. சேலத்திலிருந்து வீடியோவில் பார்த்த அம்மாவுக்கும் அதில் பரம திருப்தி.

பாறை ஓரம் சரியத் தொடங்கும் இடத்தில்தான் நான் தேடி வந்தது இருந்தது. கீழே நீலம் இருட்டிக்கொண்டே போகும், மேலே வெளிச்சம். அந்த விளிம்பில் அசையாமல் கிடந்தேன். நீல டாங் மீன் கூட்டம் ஒன்று பாறைமேல் இறங்கி மேய்ந்துவிட்டு எழுந்தது. எக்காள மீன் ஒன்று கடல் விசிறி என்கிற பவளத்துக்குப் பக்கத்தில் தலைகீழாக நின்று தானும் ஒரு கிளை என்று நடித்துக்கொண்டிருந்தது. கணவாய்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்று, எங்களைப் பார்த்ததும் வரிசை கலையாமலே பின்னால் போயின. அப்புறம் இவர் என் காலைத் தட்டினார். கீழே அழுங்காமை.

அது கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. முன்துடுப்பு ஒன்றைப் பாறையில் ஊன்றி, அலகால் இழுத்து, துண்டு கழன்று வந்ததும் தலையை ஆட்டி விழுங்கியது. பிய்ந்து மிதந்த துணுக்குகளுக்காக ஏஞ்சல் மீன் ஒன்று கூடவே சுற்றியது. ரொம்ப நேரம் பார்த்தோம். ஒரு கட்டத்தில் ஆமை மூச்சுக்கு மேலே வந்தது. எங்களுக்கு நடுவில் தலையை நீட்டி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கண்டுகொள்ளாமல் திரும்ப அதே பஞ்சுக்குப் போய்விட்டது. அதன் முதுகோட்டுக்காகத்தான், சீப்பும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் செய்வதற்காக, உலகமெங்கும் இந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லாம் அழகு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மூளைப் பவளங்கள் பலவற்றில் பாதி உயிரோடும் பாதி வெறும் எலும்பாகவும் இருந்தன. ஃப்ளோரிடாவில் 2014-இல் முதலில் தெரிந்த திசு அழிவு நோய் 2023-இல் பொனேருக்கு வந்துவிட்டது. உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டே போகும். நூறு வருஷம் வளர்ந்த பவளத்தைச் சில மாதங்களில் தின்றுவிடும். கடலிலிருந்து வந்ததும் கருவிகளைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்வது இதனால்தான். நிறையப் பேர் செய்வதில்லை என்பதையும் பார்த்தோம்.

மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும், ஃபுஞ்சி என்கிற மக்காச்சோளக் களியும். விலை நெதர்லாந்தை விடக் குறைவில்லை. ஆனால் எலும்போடு வெந்த கறியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பிறகு தெற்கே. சால்ட் பியருக்குப் பக்கத்தில் போகும்போதே தெரிந்துவிட்டது, கப்பல் நின்றுகொண்டிருந்தது. கப்பல் நிற்கும்போது அங்கே தண்ணீரில் இறங்க அனுமதி கிடையாது. நான் ஏதும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லாமல் போனது, ஏனென்றால் இவர் தூத்துக்குடிக்காரர். கடலை விட்டுவிட்டு உப்பளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாத்தி எவ்வளவு பெரிசு, அம்பாரம் எவ்வளவு உயரம், கன்வேயர் பெல்ட் நேராகக் கப்பலுக்குள் கொட்டுகிறதே என்று ஒரே பேச்சு. உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. அதற்குப் பின்னால் வெள்ளை மலைகள். தூரத்துப் பாத்திகளில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்தபடி வரிசையாக அடிமைக் குடில்கள். 1850-இல் கட்டியவை. வாசல் என் இடுப்புக்கு வரும், குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உப்பு வெட்டியவர்கள் வாரம் முழுக்க இரவில் இங்கே படுத்தார்கள். குடும்பம் இருந்ததோ வடக்கே ரிங்கோனில். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி ஏழு மணி நேரம் நடந்து போய், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். 1863-இல் டச்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு நெதர்லாந்து அரசு அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில். ஐந்தோவன் வீட்டில் அந்த உரையை டிவியில் பார்த்தபோது எனக்கு அது ஏதோ பழைய விஷயம். குடிலுக்குள் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு ஜோடி குடிலின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இவர் போய் இறங்கச் சொன்னார், இறங்கினார்கள்.

திரும்பும் வழியில் கடைசி முங்கலுக்கு விமான நிலையத்தின் எதிரே இருக்கும் தே அமோ கடற்கரை. இது மணல். ஓடுபாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். தண்ணீருக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை என்பார்கள். நாங்கள் ஒரு பேராமையையும், மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்த திருக்கையையும் பார்த்தோம். வெயில் சாய்ந்ததும் மீன்களின் போக்கு மாறிவிடுகிறது. மேய்கிறவை பொந்து தேடுகின்றன, பகலெல்லாம் ஒளிந்திருந்த பெரிய கண் சிவப்பு மீன்கள் எட்டிப் பார்க்கின்றன. விரல் தோல் சுருங்கிப் பற்கள் தந்தியடிக்கும்வரை நான் வெளியே வரவில்லை. "விமானம் எட்டு மணிக்கு மேலதான், ஆனா செக்-இன் இப்பவே திறந்தாச்சு" என்று இவர் கரையிலிருந்து கத்தினார்.

தங்கிய இடத்தின் வெளிக்குழாயில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். பைகளைத் திறந்து சிப்பி, பவளத் துண்டு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று உதறிப் பார்த்தோம். தீவிலிருந்து அவற்றை எடுத்துப் போகக்கூடாது, சோதனையில் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். காலணிக்குள் இருந்த கற்களைத் தோட்டத்தில் கொட்டினோம். காயப்போட நேரம் இல்லை.

விமான நிலையம் பூநாரை நிறத்தில் பெயிண்ட் அடித்த சின்னக் கட்டடம், பெயரும் ஃப்ளமிங்கோதான். எடை பார்க்கும் இடத்தில் என் பை அளவைத் தாண்டியது. வரும்போது சரியாக இருந்த அதே சாமான்தான், இப்போது கூடவே கடலும் வருகிறது. கவுண்டரில் இருந்த பெண் சொட்டிக்கொண்டிருந்த பையின் மூலையைப் பார்த்துவிட்டு, எதையாவது வெளியே எடுங்கள் என்றாள். டவலையும் ஈர உடையையும் நான் தோளில் போட்டுக்கொண்டேன். இவர் நான்கு ஃபின்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் போய் நின்றார். பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள்.