7.100 என்றால் 7.100தான்

மன்னார்குடியில் நானே கட்டிய 40 மீட்டர் அலைவரிசை அமெச்சூர் ரேடியோ, திரையில் 7.100 மெகாஹெர்ட்ஸ் காட்டும்போது 440 ஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடியது. நண்பரின் குரல் கீச்சென்று கேட்டது. ரேடியோவின் அலைவெண்ணை உருவாக்கும் எஸ்ஐ5351 சிப்புக்குத் துடிப்பு தரும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் காரணம்.

குறுவை நேரம். வயல் மோட்டார்கள் ஓய்ந்த பிறகுதான் இரைச்சல் அடங்கியது. செட்டை அரைமணி நேரம் சூடாக விட்டேன். அப்புறம் உள்ளீட்டு ஃபில்டரைத் தவிர்த்து ஆன்டெனாவை நேராக இணைத்து, துல்லியமான அலைவெண்ணில் ஒலிபரப்பும் சீனாவின் பிபிஎம் நேர நிலையத்தை 10 மெகாஹெர்ட்ஸில் பிடித்தேன். குமிழைத் திருகத் திருக விசில் இறங்கி, உறுமலாகி, மெல்ல அலையடித்து அப்படியே நின்றது; ரேடியோவும் நிலையமும் ஒரே அலைவெண்ணுக்கு வந்துவிட்டன. அந்த நொடி எனக்கு அவ்வளவு பிடிக்கும்! 10.000000 காட்ட வேண்டிய திரையில் 9.999380. பத்து லட்சத்துக்கு 62 பங்கு பிழை. புரோகிராமில் கிரிஸ்டலின் மதிப்பை 25001550 ஹெர்ட்ஸ் என்று மாற்றினேன்.

மின்விசிறியை மட்டும் இப்போது அந்தப் பக்கம் திருப்புவதில்லை. காற்று பட்டால் கிரிஸ்டலின் அலைவெண் நகர்ந்துவிடும்.