அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பத்து மாதம் ஆகிறது. போன வாரம்தான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தபாலில் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைவிட இந்த அட்டைக்கு அலைந்ததுதான் எங்களை அதிகம் வாட்டியது. உங்கள் வீட்டிலும் இதே நிலையில் யாராவது இருந்தால் ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா கைத்தறி நெசவாளி. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது புரியும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் மனதில் இருக்கும், அந்தச் சொல்தான் சிக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அஃபேசியா’ என்று ஒரே வார்த்தை இருந்தது. மூளை பாதிப்பால் இப்படி மொழி தடைபடுவதற்குத்தான் அந்தப் பெயர், ஆனால் யாரும் விளக்கவில்லை. “தானா வரும்மா, பொறுங்க” என்றார்கள். மூன்று மாதம் பொறுத்தோம். தயவுசெய்து நீங்கள் பொறுக்காதீர்கள், பேச்சுப் பயிற்சிக்கு உடனே எழுதி வாங்குங்கள்.

சான்றிதழ் முகாமுக்கு முதல் முறை போனபோது மேசையில் இருந்தவர் அப்பாவிடம் பெயர் கேட்டார். அப்பா உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தார், வரவில்லை. “கேக்குதா பெரியவரே?” என்று இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்பா தலையை ஆமாம் என்று ஆட்டினார், ஆனால் வாயில் வந்தது “இல்ல”. அவ்வளவுதான், செவித்திறன் குறைபாடு என்ற கட்டத்தில் டிக் போட்டு, காதுப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பஸ் மாறி இன்னொரு நாள் போய் எடுத்தோம். ரிப்போர்ட் நார்மல். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “காதுதான் நல்லா இருக்கே, அப்புறம் எதுக்கு வந்தீங்க?” என்றார். அப்பா அழுதுவிட்டார். அவருக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது.

மூன்றாவது முறை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணைப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் தனி வகை, அஃபேசியா என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அதைக் காட்டிய பிறகுதான் சரியான கட்டத்தில் டிக் விழுந்தது. ஆனால் காதுப் பரிசோதனைக்குப் பதிலாக முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய மொழி மதிப்பீட்டு ரிப்போர்ட் எங்களிடம் இல்லை. மறுபடியும் திரும்பி வந்தோம்.

வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்று ஒரு சோதனை. பேசுவது, புரிந்துகொள்வது, திருப்பிச் சொல்வது, பொருளின் பெயர் சொல்வது எல்லாம் பார்த்து 100க்கு மதிப்பெண் போடுவார்கள், 93.8க்குக் கீழே என்றால் அஃபேசியா. இதைத் தமிழில் செய்கிறார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் பாதிக் கேள்வி ஆங்கிலத்தில். அப்பாவுக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பே தெரியாத மொழி அது! அந்த மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது? பயிற்சியாளருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்த பெண் பயிற்சியாளர், அப்பா தினமும் கையில் எடுத்த சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார். தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை மேசையில் வைத்தோம். அப்பா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். அந்த அம்மா “நா…” என்று வாயசைவு மட்டும் காட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தபோது கையைக் காட்டித் தடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, “நாடா” என்றார் அப்பா. ஏழு மாதத்தில், கேட்ட கேள்விக்கு அப்பா சரியாகச் சொன்ன முதல் சொல்.

பயிற்சி பலன் தருமா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைக் காட்டினார். 57 பரிசோதனைகள், 3002 பேர். அன்றாடம் பேசிப் பழகுவதிலும், வாசிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சியால் பலன் தெரிந்திருக்கிறது. அடர்த்தியான பயிற்சி கூடுதலாக உதவக்கூடும், ஆனால் அதில் பாதியில் நின்றுவிடுபவர்களும் அதிகம். அதனால் நாங்கள் வீட்டில் காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். ஒரு சின்ன அட்டையில் “எனக்குக் காது கேட்கும், நீங்கள் சொல்வது புரியும். பேசத்தான் நேரம் ஆகும்” என்று எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அப்பா பஸ்ஸில் கண்டக்டரிடம் அதைத்தான் நீட்டுகிறார். நேற்று அதை நீட்டிவிட்டு, இறங்கும் ஊரின் பெயரைத் தானே சொன்னார்.